தென்காசிக் காற்று: ஃபோனில் ஓர் எண், மாடியில் வேறு காற்று. எங்கே பிசகுகிறது?

ஜூன் பிறந்துவிட்டால் தென்காசி, செங்கோட்டை, இலஞ்சி, புளியரைப் பக்கம் இருக்கிற எங்களுக்கெல்லாம் காலையில் கண் விழித்ததும் முதல் வேலை ஃபோனில் காற்றைப் பார்ப்பதுதான். குலை தள்ளிய வாழை வைத்திருப்பவருக்கு முட்டுக் கொடுக்க வேண்டுமா என்று தெரிய வேண்டும். பந்தல் போடுகிறவருக்குத் துணி கட்டலாமா, வெறும் கம்போடு நிறுத்திக்கொள்ளலாமா என்று தெரிய வேண்டும். மாடியில் தகரக் கொட்டகை போட்டவருக்கு ராத்திரி தூக்கம் வருமா என்று தெரிய வேண்டும்.

பார்த்துவிட்டு எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "இது நம்ம ஊருக்குச் சரிப்படாது, பொய் சொல்லுது." நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு இருந்தவன்தான். வாழை போட்ட பிறகு ஒவ்வொரு சீசனிலும் கணிப்பையும் காற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பழகினேன். பெரும்பாலான நேரம் கணிப்பு பொய் சொல்வதில்லை. அது எதைச் சொல்கிறதோ அதை விட்டுவிட்டு நாம் வேறொன்றாகப் படிக்கிறோம். உங்களுக்கு எந்த இடத்தில் இடிக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒரு நிமிடச் சோதனை. ஆப்பில் இருக்கிற ஊர்ப் பெயரைப் பாருங்கள். "திருநெல்வேலி" என்று இருந்தால் 50 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற ஊரின் காற்றைப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள். மலையடிவாரத்துக்கும் தாமிரபரணிச் சமவெளிக்கும் காற்றில் பெரிய வித்தியாசம் உண்டு. ஊரை மாற்றியதுமே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஃபோனில் 20 என்கிறது, மாடித் தகரம் படபடவென்று அடிக்கிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஆப்பில் பெரிதாகத் தெரிகிற எண் சராசரிக் காற்று. உலக வானிலை வழக்கப்படி, திறந்த வெளியில் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், 10 நிமிடத்துக்கு எடுத்த சராசரி அது. ஆனால் காற்று ஒரே சீராக வீசுவதில்லை. ஒரு வீச்சு வீசி, மூச்சு வாங்கி, மறுபடி வீசும். அந்த வீச்சை மூன்று விநாடி உச்சமாகத் தனியே அளப்பார்கள். ஆங்கில ஆப்களில் "கஸ்ட்" என்று ஒரு தனி வரிசை இருக்குமே, அது இதுதான். சென்னை வானிலை மையத்தின் தமிழ் அறிக்கையில் "இடையிடையே" என்ற சொல்லுக்குப் பின்னால் வருகிற எண்ணும் இதேதான்.

வாழையைச் சாய்ப்பது சராசரி இல்லை, வீச்சுதான். ஆனி மாதத்தில் ஒரு சாயங்காலம் தோட்டத்தில் நின்று பாருங்கள். முதல் வீச்சில் இலைகள் எல்லாம் கிழக்கே மடங்கி, தண்டு வளைந்து, குலை ஒரு பக்கமாக ஊசலாடும். காற்று விட்டதும் தண்டு நிமிர வரும். முழுக்க நிமிர்வதற்குள் அடுத்த வீச்சு வந்துவிட்டால்தான் ஆபத்து. தண்டு ஏற்கெனவே வளைந்து இருக்கிறது, குலையின் பாரம் அதே பக்கம் இழுக்கிறது, மேலே இன்னொரு தள்ளு. அப்போதுதான் மடக்கென்று முறியும், இல்லையென்றால் வேரோடு பெயரும். இலை நார் நாராகக் கிழிந்துவிட்ட மரம் பல நேரம் தப்பித்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். கிழிந்த இலையில் காற்றுக்குப் பிடிமானம் குறைவு.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, மனசில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் தள்ளு விசை வேகத்தின் இருமடியில் ஏறும். வேகம் 20-லிருந்து 40 ஆனால் தள்ளு இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். 60 ஆனால் ஒன்பது மடங்கு. அதனால் "20க்கும் 30க்கும் என்ன பெரிய வித்தியாசம்" என்று விட்டுவிடக் கூடாது. அங்கேயே தள்ளு இரட்டிப்பைத் தாண்டிவிடுகிறது.

செய்ய வேண்டியது: ஆப்பில் வீச்சு வரிசையைத் தேடிப் பிடித்து அதை மட்டும் பாருங்கள். முடிவெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான். அப்படி ஒரு வரிசையே இல்லாத ஆப் என்றால், சராசரியை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். திறந்த வெளிக்கு அது ஓரளவு சரியாக வரும். கட்டடமும் மரமும் நெருக்கமாக இருக்கிற தெருவில் சராசரி இன்னும் குறையும், ஆனால் வீச்சு அந்த அளவுக்குக் குறையாது. அதனால்தான் தெருவில் "காற்றே இல்லை" என்று நினைக்கும்போது திடீரென்று ஒரு கதவு அறைந்து சாத்துகிறது.

எண் ரொம்பச் சின்னதாக இருக்கிறது

அலகைப் பாருங்கள். 10 என்று போட்டிருப்பது கிலோமீட்டரா, நாட்டா, விநாடிக்கு மீட்டரா? ஒரு நாட் என்றால் மணிக்கு 1.85 கிலோமீட்டர். விநாடிக்கு ஒரு மீட்டர் என்றால் மணிக்கு 3.6 கிலோமீட்டர். அதே 10, நாட்டில் என்றால் 18.5 கிலோமீட்டராகவும், விநாடிக்கு மீட்டரில் என்றால் 36 கிலோமீட்டராகவும் மாறிவிடும். விண்டி போன்ற ஆப்களில் பல நேரம் நாட்தான் முதலில் வரும். எண் மேல் ஒரு தட்டுத் தட்டினாலோ அமைப்புகளுக்குள் போனாலோ கிலோமீட்டருக்கு மாற்றிவிடலாம். ஒரு தடவை மாற்றிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். வீட்டில் நான்கு ஃபோன் இருந்தால் நான்கிலும் மாற்றுங்கள். ஒருவர் நாட்டிலும் இன்னொருவர் கிலோமீட்டரிலும் பார்த்துவிட்டுப் பேசிக்கொண்டால் வீண் சண்டைதான் மிச்சம்.

திசை தலைகீழாகத் தெரிகிறது

"மேற்கு" என்று எழுதியிருக்கிறது, அம்புக்குறியோ கிழக்கைப் பார்க்கிறது. இரண்டுமே சரிதான். காற்றின் பெயர் அது வருகிற திசை. அம்பு அது போகிற திசை.

இது நமக்குப் புதிதே இல்லை. வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல், கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் மேல்காற்று. நம் முன்னோர் காற்றுக்கு வைத்த பெயர் எல்லாமே வருகிற திசையை வைத்துத்தான். வானிலைத் துறையும் அதையே செய்கிறது. பாகையில் எழுதியிருந்தால் 90 கொண்டல், 180 தென்றல், 270 மேல்காற்று, 360 வாடை என்று படித்துக்கொள்ளுங்கள், குழப்பமே வராது.

சீசன் முழுக்கக் கணிப்பைவிட அதிகமாகவே அடிக்கிறது

அலகு சரி, ஊர் சரி, வீச்சு வரிசையைத்தான் பார்க்கிறீர்கள், ஆனாலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தினமும் குறைவாகவே சொல்கிறதா? இது எங்கள் ஊரின் இருப்பிடத்தால் வருவது. கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நெடுஞ்சுவர் மாதிரி நிற்கிறது. தெற்கே அகத்தியமலை 1,868 மீட்டர். வடக்கேயும் மலைகள் உயர்ந்துகொண்டே போகின்றன. நடுவில் செங்கோட்டைக்கும் ஆரியங்காவுக்கும் இடையே சுவரில் ஒரு வாசல் திறந்த மாதிரி கணவாய். ரயிலும் ரோடும் கொல்லத்துக்கு அந்த வழியாகத்தான் போகின்றன, காற்று அதே வழியாகத்தான் வருகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அரபிக் கடலிலிருந்து வரும் காற்று சுவரில் முட்டி, இந்த வாசலைக் கண்டதும் நெருக்கியடித்துக்கொண்டு புகுந்து வேகமெடுக்கிறது. வடக்கே பாலக்காட்டுக் கணவாயிலும் தெற்கே ஆரல்வாய்மொழியிலும் இதே கதைதான். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமே அதுதான்.

இதைச் சின்ன அளவில் பார்க்க ஆசைப்பட்டால் தென்காசிக் காசி விசுவநாதர் கோவில் ராஜகோபுர வாசலில் சீசன் நேரத்தில் போய் நில்லுங்கள். சுமார் 180 அடிக் கோபுரம், கிழக்குப் பார்த்த வாசல். உள்ளே விரிந்த பிராகாரத்தில் பரவி வருகிற காற்று அந்த ஒரு வாசல் வழியே வெளியேற வேண்டியிருக்கிறது. வாசலின் நடுவில் நிற்கும்போது தோளில் கிடக்கும் துண்டு கையை விட்டுப் பறக்கப் பார்க்கும். பூக்கூடை வைத்திருக்கும் அம்மா கையால் மூடிக்கொண்டு நடப்பார். பத்தடி தள்ளித் தெருவோரம் போனால் துண்டு தோளிலேயே கிடக்கும். அந்த வாசலின் காற்று ஊருக்கே பெருமை, வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதற்கென்றே நின்று அனுபவித்துவிட்டுப் போவார்கள். கோபுர வாசலில் நடப்பதுதான் செங்கோட்டைக் கணவாயில் நடப்பதும்.

சரி, கணிப்பு ஏன் இதைக் கோட்டை விடுகிறது? கணினியில் ஓடுகிற கணிப்பு மாடல்கள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன. ஐரோப்பிய மையத்தின் மாடலில் ஒரு கட்டம் சுமார் 9 கிலோமீட்டர். அமெரிக்க மாடலில் சுமார் 13 கிலோமீட்டர், அதிலும் பல ஆப்கள் எடுத்துப் போடுவது 25 கிலோமீட்டர் அளவுக் கட்டத்தை. இந்திய வானிலைத் துறை 2025 மே மாதம் கொண்டுவந்த பாரத் கணிப்பு அமைப்பில் 6 கிலோமீட்டர். நம் கணவாயோ சில கிலோமீட்டர் அகலம்தான். பெரிய கட்டத்துக்குள் மலையும் பள்ளமும் சேர்ந்து சராசரியாகி, செங்குத்துச் சுவர் ஒரு சாய்வான மேடாகிவிடும், கணவாய் காணாமலே போய்விடும். வாசலே தெரியாத மாடலுக்கு வாசல்காற்று எப்படித் தெரியும்?

இதை ஃபோனிலேயே சோதிக்கலாம். வரைபடத்தில் குறியை முதலில் புளியரையில் வையுங்கள், அப்புறம் செங்கோட்டை, தென்காசி, பாவூர்ச்சத்திரம் என்று கிழக்கே நகர்த்துங்கள். நான்கிலும் ஒரே எண் வந்தால் எல்லாம் ஒரே கட்டத்துக்குள் கிடக்கின்றன, அந்த மாடலால் உங்கள் ஊரைத் தனியாகப் பார்க்க முடியவில்லை என்று அர்த்தம். ஆப்பில் வேறு மாடலுக்கு மாற்றிப் பாருங்கள்.

அடுத்தது, உயரம். சில ஆப்களில் தரைமட்டக் காற்று போக 100 மீட்டர் உயரத்துக் காற்று, அதற்கும் மேலே உள்ள காற்று என்று தேர்ந்தெடுக்க முடியும். சீசனில் தரையில் 20 காட்டும் அதே நேரம் மேலே போகப் போக வேகம் ஏறிக்கொண்டே போகும். பருவமழைக் காலத்தில் தரையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில்தான் அந்த மேல்காற்றின் நடு நரம்பு ஓடுகிறது. மேலே நேற்றைவிட இன்று கூடியிருந்தால், தரை எண் மாறாவிட்டாலும் நம் ஊரில் வீச்சு கூடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் நிஜமான மருந்து: பத்து நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள். காலையில் ஃபோன் சொன்ன வீச்சு, திசை. பிற்பகல் இரண்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் நீங்கள் பார்த்தது. கையடக்கக் காற்றுமானி இருந்தால் நல்லது, இல்லையென்றால் கண்ணே போதும். உலகமெங்கும் மாலுமிகள் பயன்படுத்திய பியூஃபோர்ட் அளவுகோல் கண்ணால் அளப்பதுதான். தூசியும் காகிதமும் எழும்பிப் பறந்து சிறு கிளைகள் ஆடினால் 20 முதல் 28. இலையடர்ந்த சின்ன மரம் முழுக்க ஆடினால் 29 முதல் 38. பெரிய கிளைகள் ஆடி, மின்கம்பி விசில் அடித்து, குடை பிடிக்கவே சிரமமானால் 39 முதல் 49. முழு மரமும் ஆடி, எதிர்க்காற்றில் நடக்கச் சிரமப்பட்டால் 50க்கு மேல். இந்த எண்களெல்லாம் சராசரிக் காற்றுக்கு உரியவை, அதனால் நோட்டில் சராசரியைச் சராசரியோடும் வீச்சை வீச்சோடும்தான் ஒப்பிட வேண்டும்.

பத்து நாளில் உங்கள் இடத்தின் குணம் தெரிந்துவிடும். உதாரணத்துக்கு, ஃபோன் 20 என்ற நாட்களில் உங்கள் தோட்டத்தில் திரும்பத் திரும்ப 30 வருகிறது என்றால் உங்கள் பெருக்கல் ஒன்றரை. அதற்குப் பிறகு ஃபோன் 30 என்றால் நீங்கள் 45 என்று படிக்க வேண்டும். பக்கத்து ஊர்க்காரரின் பெருக்கல் உங்களுக்கு உதவாது. கணவாய்க்கு நேர் கிழக்கே இருக்கிற வயலும், இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு குன்றின் மறைப்பில் இருக்கிற வயலும் ஒரே நாளில் இரண்டு வேறு ஊர் மாதிரி இருக்கும்.

திசையையும் எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நேர் மேற்காக வந்தால் காற்று கணவாயில் நேராகப் புகும். வடமேற்காகச் சாய்ந்தால் மலையின் மறைப்பு மாறும், பெருக்கலும் மாறும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று கிழக்கிலிருந்து வரத் தொடங்கிவிட்டால் சீசன் பெருக்கல் செல்லாது. அதற்குத் தனிக் கணக்கு போடுங்கள்.

காலையில் அசைவே இல்லை, பத்து மணிக்கு மேல் பிசாசு மாதிரி அடிக்கிறது

ராத்திரி தரை குளிர்ந்ததும் தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப் படிந்துவிடும். மேலே ஓடுகிற வேகக் காற்று அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும், கீழே இறங்காது. காலையில் வெயில் ஏறி, தரை சூடாகி, காற்று மேலும் கீழும் புரளத் தொடங்கியதும் மேலே இருந்த வேகம் தரைக்கு வந்துவிடும். அதனால்தான் பிற்பகலில் வீச்சு அதிகம், சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கொஞ்சம் அடங்குகிறது.

"இன்றைக்கு 25" என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு வேலை திட்டம் போடாதீர்கள். மணிக்கணக்கில் பிரித்துக் காட்டும் பக்கத்தைத் திறங்கள். மருந்தடிப்பது, ஏணி வைத்து ஏறுவது, பந்தல் துணி கட்டுவது எல்லாம் விடிந்ததும் தொடங்கி ஒன்பதரைக்குள் முடித்துவிடுகிற வேலைகள். ஆனால் கணவாய்க்கு நேரே இருக்கிற இடங்களில் சீசன் உச்சத்தில் ராத்திரியும் அடங்காது. மேகம் மூடி சாரல் அடிக்கிற நாளில் தரை அவ்வளவாகக் குளிர்வதும் இல்லை, சூடாவதும் இல்லை, அன்றைக்குப் பகல் இரவு வித்தியாசம் குறைவு.

மணிக்கணக்குப் பக்கத்தில் உச்சம் நடுராத்திரியிலும் அமைதி நடுப்பகலிலும் காட்டினால் நேரத்தைச் சந்தேகப்படுங்கள். சில தளங்கள் உலகப் பொது நேரத்தில் காட்டும். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம்.

செய்தியில் 65 கிலோமீட்டர் என்றார்கள், இங்கே ஒன்றுமே இல்லை

அறிக்கையை முழுக்கப் படித்தால் "மன்னார் வளைகுடா, குமரிக்கடல் பகுதிகளில் சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும்" என்று இருக்கும், அடுத்து "மீனவர்கள் செல்ல வேண்டாம்" என்று வரும். அது கடலுக்கு உரியது. கடல்மேல் காற்றைத் தடுக்க மரமும் இல்லை, வீடும் இல்லை. டி.வி.யில் கீழே ஓடுகிற வரியில் கடல் பெயர் விழுந்துபோய் எண் மட்டும் நிற்கும், அதுதான் குழப்பம்.

நமக்கு உரிய சொல் "தரைக்காற்று". "மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய மாவட்டங்களில் பலத்த தரைக்காற்று" என்று மாவட்டப் பெயரோடு வந்தால் அதை நேராக எடுத்துக்கொள்ளுங்கள். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. அதனால் பழைய அறிக்கைகளை எடுத்துப் பார்க்கிறவர்கள் திருநெல்வேலி மாவட்டம் என்ற பெயரில்தான் தேட வேண்டும். விவசாயிகளுக்கு வானிலைத் துறையின் மேக்தூத் ஆப்பில் அடுத்த சில நாட்களுக்கான காற்றின் வேகமும் திசையும் வரும், செவ்வாயும் வெள்ளியும் பயிர் ஆலோசனையும் வரும். முட்டுக் கொடுக்க ஆள் சொல்ல வேண்டிய வாரத்தை முடிவு செய்ய அது உதவும்.

கணிப்பில் 8 என்று இருந்தது, சித்திரை சாயங்காலம் கால் மணி நேரத்தில் வாழை படுத்துவிட்டது

இதில்தான் எனக்கு மனசு பொறுக்காது. சீசன் காற்றுக்கு முட்டுக் கொடுத்துக் காப்பாற்றிவிடலாம். கோடை இடிமழைக் காற்று சொல்லாமல் வந்து பத்து மாத உழைப்பைக் கால் மணியில் கொண்டுபோய்விடும். என் தோட்டத்திலும் ஒரு சித்திரையில் அது நடந்தது. காலையில் பார்த்த எண் ஒற்றை இலக்கம், மாலையில் ஒரு வரிசை முழுக்க ஒரே திசையில் தலை சாய்ந்து கிடந்தது.

நடப்பது இதுதான். ஏப்ரல், மே வெயிலில் பிற்பகல் மேகம் கோபுரமாக எழும்பும். அதிலிருந்து விழுகிற மழை வழியில் ஆவியாகிக் காற்றைக் குளிர வைக்கும். குளிர்ந்த காற்று கனத்துத் தொப்பென்று கீழே விழுந்து, தரையில் மோதி, தண்ணீர் கொட்டினால் சிதறுகிற மாதிரி எல்லாப் பக்கமும் சிதறி ஓடும். மேகத்தின் அளவே சில கிலோமீட்டர்தான். எந்த மேகம் எந்த ஊர் மேல் விழும் என்பதை முதல் நாளே சொல்ல மாடலால் முடியாது. ஆப் காட்டிய 8, இடிமழை வராத இடத்துக்கான சரியான எண். பாவூர்ச்சத்திரத்தில் வாழை படுத்த அதே நேரம் தென்காசியில் இலை அசையாமல் இருந்திருக்கும்.

இங்கே காற்று வரிசையை விட்டுவிட்டு வேறு மூன்றைப் பாருங்கள். மாவட்ட முன்னறிவிப்பில் "இடி மின்னலுடன்" என்ற சொல் இருக்கிறதா, அதோடு "பலத்த காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர்" என்று ஒட்டியிருக்கிறதா? இருந்தால் அன்று ஆப் காட்டும் 8-ஐ மறந்துவிடுங்கள். அடுத்து, பிற்பகலில் வானிலைத் துறை விடுகிற "அடுத்த மூன்று மணி நேரத்தில்" என்ற உடனடி எச்சரிக்கை. பேரிடர் எச்சரிக்கைக்கான அரசின் சச்சேத் ஆப்பை ஃபோனில் ஏற்றி, இருப்பிடத்தை அனுமதித்துவிட்டால் அதுவே கத்தும். மூன்றாவது, உங்கள் கண். புழுக்கம் தாங்காமல் இருந்த சாயங்காலத்தில் திடீரென்று ஒரு குளிர்ந்த காற்று முகத்தில் பட்டு, மண்வாசனை வந்து, ஒரு பக்கம் செம்மண் தூசி சுவர் மாதிரி எழும்பினால் உங்களுக்கு இருப்பது சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்தில் வாழைக்கு ஒன்றும் செய்ய முடியாது. ஏணியில் இருப்பவரை இறக்கலாம், பந்தலுக்கு அடியில் இருக்கிற ஆட்களை வெளியே கொண்டுவரலாம், மாட்டை மரத்தடியிலிருந்து அவிழ்க்கலாம். அதைச் செய்யுங்கள்.

இரண்டு ஆப் இரண்டு விதமாகச் சொல்கிறது. நேற்றுச் சொன்னதும் இன்று மாறிவிட்டது

இரண்டும் வேறு வேறு மாடலிலிருந்து எடுக்கின்றன. இரண்டும் ஒத்துப்போகிற நாளில் நம்பிக்கை கூட்டிக்கொள்ளுங்கள், முரண்படுகிற நாளில் பெரிய எண்ணுக்குத் தயாராக இருங்கள். அமெரிக்க மாடல் நம் நேரப்படி காலை 5:30, 11:30, மாலை 5:30, இரவு 11:30 நிலவரத்தை வைத்து ஒரு நாளில் நான்கு தடவை ஓடும், முடிவு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். எண் மாறுவது புதுத் தகவல் சேர்ந்ததால்தான். ஐந்து நாளுக்கு மேல் போன காற்று எண்ணைக் கல்யாணப் பந்தலுக்கு நம்பாதீர்கள். "அந்த வாரம் காற்று கூடுமா குறையுமா" என்ற அளவுக்கு மட்டும் அது பயன்படும்.

மாடியில் காற்றுமானி வைத்தேன், எப்போதும் குறைவாகக் காட்டுகிறது

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்திருப்பீர்கள், இல்லையென்றால் கைப்பிடிச் சுவர் உயரத்தில் இருக்கும். தடுப்பின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் தள்ளி வைப்பதுதான் முறை. வீட்டு மாடியில் அது நடக்காது. முடிந்த வரை குழாய் கட்டி உயர்த்துங்கள், மேற்குப் பக்கம் திறந்திருக்கட்டும். வைத்த இடத்தை மாற்றாதீர்கள். குறைவாகக் காட்டினாலும் தினமும் ஒரே அளவில் குறைவாகக் காட்டினால் உங்கள் பெருக்கலுக்கு அது போதும்.

புயல் நேரத்தில் வெளிநாட்டுத் தளம் அதிக வேகம் சொல்கிறது

இந்திய வானிலைத் துறை புயல் காற்றை மூன்று நிமிடச் சராசரியாகச் சொல்லும், அமெரிக்கத் தளங்கள் ஒரு நிமிடச் சராசரியாக. நேரம் குறையக் குறைய எண் கூடும். காற்று ஒன்றுதான். நம் துறையின் வகைப்படி 62 தொட்டால் புயல், 89 தொட்டால் தீவிரப் புயல். ஆனால் பெயர் வைக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 2017 நவம்பர் 30 அன்று குமரிக்கடலில் ஒக்கி புயலாக வலுத்தபோது, குமரி மாவட்டத்தில் ரப்பரும் வாழையும் சாய்ந்ததும் அதே நாளில்தான். தெற்கே காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்ற சொல் வந்ததுமே தகரத்தில் ஆணி பார்த்து, பந்தல் துணியை அவிழ்த்து, குலை முற்றிய மரத்தை வெட்டி இறக்கிவிடுங்கள்.

சீசனுக்கு இன்னொன்று. ஃபோன் என்ன சொன்னாலும் விடிகாலையில் ஒரு தடவை மேற்கே நிமிர்ந்து பார்த்துவிடுகிறேன். செங்கோட்டை மலை முகட்டில் மேகம் வெள்ளைத் துணி போர்த்திய மாதிரி உட்கார்ந்து, அதன் ஓரம் நம் பக்கம் வழிந்து கரைந்துகொண்டு இருந்தால் மேல்காற்று கணவாயைத் தாண்டி இறங்கத் தொடங்கிவிட்டது. அன்றைக்குப் பெருக்கலை ஒரு படி கூட்டிக்கொண்டு, முட்டுக்கம்புகளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவேன்.